சத்துதானே

மார்ச் 4
என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாச்சு. அன்றைக்கு மூக்கில் ஆரம்பித்த ரத்தம் நிற்கவே இல்லை, வயிற்றுக்குள்ளும் கசிவாம். எல்லாம் என் நாத்தனார் கைங்கரியம். வீட்டிலிருந்தே சத்து மாத்திரை விற்கிறாளே, அதில் வைட்டமின் ஈயை ஆசைத் தம்பிக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள். இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இவர்!

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "உடம்புக்கு வேணும்தாம்மா. ஆனா கடலை, விதை, எண்ணெயிலேயே முக்காவாசிப் பேருக்குப் போதுமானது கிடைச்சிடும். இவ்வளவு அதிகமா, அதுவும் அந்த மாத்திரையோட சேர்த்துப் போட்டா ரத்தம் எப்படி நிக்கும்? ஏன் முன்னாடியே சொல்லல?"

"அது மருந்தில்லையே டாக்டர், சத்துதானே" என்கிறார் இவர். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 6
நாத்தனார் பார்க்க வந்தாள். 'என்னால ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை? ஹும். "சூட்டு உடம்பு, தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்" என்கிறாள்! நான் வாயைத் திறக்குமுன் இவர் முறைத்தார். 'அக்காகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், நீ கிளறாதே' என்று ஆஸ்பத்திரியிலேயே உத்தரவு.

தெரிந்தும் இவ்வளவு நெஞ்சழுத்தமா? இருக்கட்டும். என் கையில் மாட்டாமலா போவாள்.

மார்ச் 19
மாட்டினாள்! பித்தப்பையில் கல், ஆபரேஷன். துணைக்கு நான் வரணுமாம். அவளும் முகம் பளபளக்க அந்த வைட்டமின் ஈயையே தினம் ரெண்டு போடுகிறாள். ஆபரேஷனுக்கு முன்னாடி அதை நிறுத்தணும்னு இவரோட டாக்டர் அன்றைக்கே சொன்னார். எனக்குத் தெரியும்; இவர் மாத்திரையோடு சேர்ந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிற அவளுக்குத் தெரியாது. சொல்லப் போவதில்லை.

மார்ச் 20
சொல்லவே மாட்டேன்.

மார்ச் 23
பரிசோதனைக்குக் கூடப் போனேன். "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

அக்காவும் தம்பியும் ஒரே அச்சு! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனித்தது. படட்டும், அவளும் படட்டும்.

மார்ச் 24
சாப்பாடு இறங்கவில்லை. இவர் தலையணை உறை முழுக்க ரத்தமாகக் கிடந்ததே — அதே மாதிரி அவளும்... சீ, என்ன பொம்பளை நான்? ஆனால் விடவும் மனசில்லையே.

மார்ச் 26
இன்று ஆபரேஷன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தார். என்னால் முடியவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "அண்ணி வைட்டமின் ஈ சாப்பிடறாங்க, தினம் ரெண்டு! அதைத்தான் என் வீட்டுக்காரருக்கும் குடுத்தாங்க. மனுஷன் செத்துப் பிழைச்சாரு!"

சர்ஜன் வந்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். நாத்தனார் முகம் வெளுத்துப்போச்சு. அவமானம் என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"தம்பிக்கு... நான் குடுத்ததாலயா? சூடுன்னுதானேடி சொன்னான் எங்கிட்ட?"



மார்ச் 27
காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறாளாம். வாங்கினவர்களையெல்லாம் கூப்பிட்டு, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா? ஆபரேஷன் ஏதாவது இருக்கா? டாக்டரைக் கேக்காம தொடாதீங்க" என்று அழுகிறாளாம்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று இழுக்கிறார்.

அந்த மனசு நோகக்கூடாதுன்னு இவர் சொன்ன பொய்யை நம்பி, அந்த அக்காவையே சாகவிடப் பார்த்தேன் நான்.

கஞ்சியை அவர் முன்னாடி வைத்துவிட்டு வந்தேன். உடம்பு நல்லாத் தேறட்டும். அப்புறம் இருக்கு இவருக்கு.