பொம்மர் இல்லை, சண்டை விமானம்

அண்ணை,

இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றேன். பக்கத்து மீன்பிடிப் படகுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரின் கை தவறி மண்ணெண்ணெய் கொட்டி, என் சேலைக் கரையிலும் தெறித்துவிட்டது. அந்த மணத்தோடுதான் பள்ளிக்கூடம் போய் நாள் முழுவதும் கணிதம் படிப்பித்தேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. மற்றவர்கள் உங்களை நினைப்பதற்குப் படம் வைத்து மாலை போடுவார்கள். எனக்கு மண்ணெண்ணெய் போதும்.

நேற்று அண்ணி தொலைபேசியில் பேசினார். நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம், உங்களைப் பற்றி நானும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "வேலையைப் பற்றி எழுதேக்க, பயணிகள் விமானம் செய்தவர் எண்டு போடும்" என்றார். ஏன் என்று கேட்டேன். ஊர்ச்சனம் வாசித்தால் ஒரு கதை வரும், பிறகு அது ஓயாது என்றார். அண்ணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, குரல் இறங்கிப்போனது. உங்களுக்குத்தான் அதெல்லாம் சரளமாக வரும்.

உங்கள் அம்மாவும் கண்மூடும் வரைக்கும் புங்குடுதீவு முழுக்கப் பயணிகள் விமானக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகன் செய்த விமானத்தில் ஒருநாள் ஏறிப் போகப்போவதாகவும் சொன்னார். உண்மையை நீங்கள் ஊரில் எனக்கு மட்டும் சொன்னீர்கள். அதையும் முழுதாகச் சொன்னீர்களா என்று எனக்கு எப்போதும் ஐமிச்சம்.

ஐமிச்சம் விமானத்தில் தொடங்கவில்லை. என் அண்ணன் ரவியும் நீங்களும் ஒரே வகுப்பில் கணிதம் படித்தவர்கள். தீவுக்கு மண்ணெண்ணெய் வராமல் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக எரித்துப் படித்த காலம் அது. கூட்டுறவுச் சங்கக்கடையில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் ஒரே சைக்கிளில், ஒரு எண்ணெய்க் கானோடு போனீர்கள். குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. திரும்பி வந்தது நீங்கள் மட்டும். சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் மணத்தது. "அவன் எங்கயடா?" என்று என் அம்மா உங்களைப் பிடித்து உலுக்கினார். நீங்கள் வாயே திறக்கவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அந்தக் குளிர் நாட்டுக்கும் போய்விட்டீர்கள்.

ரவியை விட்டுவிட்டு ஓடித் தப்பியவர் என்று அன்றே எனக்குள் முடிவுகட்டிவிட்டேன். உங்களை வெறுத்தேன் அண்ணை. கடிதம் போட்டீர்கள், பதில் போடவில்லை.

சண்டை ஓய்ந்து பல வருடம் கழித்து வந்து எங்கள் குசினிக் கதிரையில் இருந்து, அந்த நாடு சொந்தமாக ஒரு போர் விமானம் செய்கிறது, அதில் நானும் ஒருவன் என்று சொன்னீர்கள். அடுப்பில் இருந்த தேத்தண்ணியை இறக்க மறந்துபோனேன்.

"பொம்மர் செய்யிறியளோ?" என்று கேட்டேன்.

"பொம்மர் இல்லை, தங்கச்சி. சண்டை விமானம். குண்டு போட வாறதை மறிச்சு அடிக்கிறது."

"அதுக்குக் கீழ குண்டு கட்ட ஏலாதோ?"

"ஏலும்" என்றீர்கள்.

"அப்ப பொம்மர்தான். முத்தத்தில நிண்டு அண்ணாந்து பாக்கிறவைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அதற்குப் பிறகு நீங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்தேன். எந்தப் பகுதி உங்களுடையது என்றால், எஞ்சினுக்குக் காற்று உள்ளே போகிற வாய் என்பீர்கள். அடுத்த முறை கேட்டால் நிறையைக் குறைக்கிற வேலை என்பீர்கள். பொய்யர்களைப் பரீட்சை மண்டபத்தில் கண்டு பழகியவள் நான், விட்டுவிடுவேனா? வாயா நிறையா என்று மடக்கினேன். நீங்கள் பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். வாயைக் கொஞ்சம் அகட்டினால் உடம்பு பருக்கும், உடம்பு பருத்தால் நிறை கூடும், நிறை கூடினால் அதைத் தூக்கிப் பறக்கிற செட்டையை மாற்றவேண்டும், செட்டையை மாற்றினால் பழையபடி வாயில் வந்து நிற்கும். இதற்குள் விமானப்படைக்காரர் வந்து இன்னும் கொஞ்சத் தூரம் பறக்கவேண்டும் என்பார்களாம், எல்லாம் முதலிலிருந்து தொடங்குமாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொன்ன ஆளில்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எஞ்சின் கதையையும் சொன்னீர்கள். அதற்குள் சுழலும் தகடுகள் தாங்கும் சூட்டில் சாதாரண உலோகம் உருகி ஓடிவிடுமாம். அந்தத் தகடு செய்யும் விதம் உலகத்தில் சிலருக்குத்தான் தெரியுமாம். "காசு குடுத்தால் எஞ்சினைத் தருவினம். செய்முறையைத் தராயினம்" என்றீர்கள். அதனால் நீங்கள் எல்லோரும் மாய்ந்து மாய்ந்து உடம்பைச் செய்ய, எஞ்சின் வேறொரு நாட்டிலிருந்து வந்ததாம். அந்த நாடு விரும்பாவிட்டால் விமானத்தை இன்னொருவருக்கு விற்கவும் ஏலாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வள்ளக்காரரும் அப்படித்தானே, வள்ளம் காரைநகரில் செய்தது, எஞ்சின் யப்பான் என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு உங்களை விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"அப்ப அது ஆருக்கு அண்ணை சொந்தம்? அது ஆற்ற முத்தத்துக்கு மேல வரும்?"

நீங்கள் சீனி போடாத தேத்தண்ணியை நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "சொந்தமா ஒண்டு மேல நிண்டால் ஒருத்தனும் வந்து குண்டு போடமாட்டான் எண்டுதான் நான் இந்த வேலைக்குப் போனனான்." அழகான பேச்சு. உங்கள் கம்பனிக்காரர் எழுதிக் கொடுத்ததோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியாக வந்தபோது சங்கக்கடைச் சந்திக்குப் போவோம் என்று நீங்களே கேட்டீர்கள். ரவி செத்த இடத்துக்கு உங்களோடு போக எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வந்தேன். அங்கே ஏதாவது வாய் தவறிச் சொல்லமாட்டீர்களா என்ற எண்ணம்தான். கடை இருந்த இடத்தில் ஒரு பாதிச் சுவர் நின்றது. வெயில் ஏறியிருந்தது. நீங்கள் கடைக்கு வரும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

பலாலி விமான நிலையப் பக்கமாக ஒரு விமானம் தாழப் போனது. பயணிகள் விமானமாக இருக்கலாம். சத்தம் கேட்டு நான் தலையை நிமிர்த்தவும் உங்கள் கை என் பிடரியில் விழவும் சரியாக இருந்தது. இருவரும் புழுதியில் குப்புறக் கிடந்தோம். என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் போய்விட்டது. சைக்கிளில் வந்த ஒருவர் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். விமானம் போய்க் கனநேரமாகியும் நீங்கள் கையை எடுக்கவில்லை. எழும்புங்கோ அண்ணை என்று நான்தான் சொன்னேன்.

நீங்கள் எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அவன்ர தலையையும் இப்பிடித்தான் அமத்தினனான், தங்கச்சி. கான் சரிஞ்சு எண்ணெய் ஓடினது. நீர் படிக்க எண்ணெய் இல்லை எண்டு, நிமித்தி வைக்க எழும்பினவன். என்ர கை வழுக்கிப்போச்சு."

உங்கள் சட்டையில் இருந்த மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புழுதியில் இருந்தபடியே சத்தம் போட்டு அழுதேன். தண்ணீர் கொண்டு வந்தவர் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அண்ணிக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். பயணிகள் விமானம் என்று எழுதமாட்டேன். போர் விமானம் செய்தவர் என்றே எழுதுவேன், சனம் கதைத்தால் கதைக்கட்டும். உங்கள் விமானம் பறக்கிறதாம், செய்தியில் காட்டினார்கள். அது குண்டு போட வருவதை மறிக்கத்தான் என்று நீங்கள் சொன்னதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அதைக் கொண்டுபோய் யார் முற்றத்துக்கு மேல் விடுவார்களோ தெரியாது.

இன்று பின்னேரம் படகால் இறங்கும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. கூட வந்த ஆசிரியைகள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். பிடரியில் உங்கள் கை இருந்தது அண்ணை. அதை மட்டும் நம்புகிறேன்.