மஞ்சள் தடவிய காகிதம்

இரண்டாம் டிவிஷன் லயம்,
வண்டிப்பெரியார் வழி,
15.7.2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் மாரீஸ்வரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று எப்போதும் ஒப்புக்கு ஒரு வரி கேட்பது வழக்கம், இந்தத் தடவை பதில் தெரிய வேண்டும் என்றே கேட்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை, டின்சி கையில் கொடுத்து விடுகிறேன். நம் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஜின்சனின் தங்கை, நீ இருக்கும் நாட்டிலேயே நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். லீவுக்கு வந்தவள் வியாழக்கிழமை நெடும்பாசேரியில் விமானம் ஏறுகிறாள். அவள் இருக்கும் ஊரிலிருந்து உன் ஊருக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தானாம், சனிக்கிழமை காலை நீ வேலைக்கு உள்ளே போகும்போது கேட்டில் வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறாள். வாங்கியதும் அந்த சூப்பர்வைசர் ஜோஜோ முன்னால் பிரிக்காதே. கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாவது தனியாகப் படி.

இங்கே பதினெட்டு நாளாக மழை விடவில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்தது, நம் வீட்டுப் பக்கம் இல்லை, நீ பயப்படாதே. ஃபாக்டரியில் தேயிலைக் கொழுந்து காயாமல் டிரையர்காரனும் நானும் தினமும் சண்டை போடுகிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, ஆனால் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தமாட்டாள், சொன்னால் என்னையே முறைக்கிறாள். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். நான் சொல்ல வந்தது வேறு. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் மழையையும் டிரையரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பதினான்காம் தேதி தபால்காரி ஜிஷா குடையோடு வந்து, வீரபாண்டிச் சேட்டா, வெளிநாட்டு ரெஜிஸ்டர்டு, ஒரு ஒப்பு வேணும் என்றாள். கவர் மேலே பார்த்தேன், ஆங்கிலம் எனக்கு வராது என்றாலும் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மிஸ்டர் வீரபாண்டி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே ஒரே ஒரு தாள், மேலே அந்த நாட்டு சர்க்கார் முத்திரை. நீதான் தீபாவளிக்கு முன்னால் உங்கள் இரண்டு பேரையும் விசிட்டர் விசாவில் கூட்டிப்போகிறேன், பேப்பர் எல்லாம் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தாயே. என் பெயர், அந்த ஊர் சர்க்கார், வேறு என்னவாக இருக்கும்? எனக்கு விசா வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துவிட்டேன். படிக்கத் தெரிந்த ஒருவனிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை, ராங்கி. உன் அம்மா தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மாரியம்மன் படத்துக்கு அடியில் வைத்தாள். நான் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில் எல்லார் காதிலும் விழும்படி விசா வந்துடுச்சுப்பா என்று சொன்னேன். ஃபீல்டு ஆபீசர்கூடக் கைகொடுத்தார். உன் அம்மா கட்டப்பனைக்கு பஸ் ஏறிப் போய் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். சரியாக நாலு வாரம் அந்தத் தாளுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டோம்.

போன சனிக்கிழமை டின்சி பார்க்க வந்தாள். வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய் கொண்டுவந்திருந்தாள், நல்ல பிள்ளை. எங்கே அந்த விசா, காட்டுங்க அங்கிள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். படித்தவள் பாதியில் சிரிப்பை நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, இது அங்கிளுக்கு வந்தது இல்ல ஆன்ட்டி, மாரிக்கு வந்தது என்றாள். உன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டார்களே, அதனால் அங்கே உன்னை வீரபாண்டி என்றுதான் எழுதுகிறார்களாம். உன் பெயர் சின்ன எழுத்தில் கீழே இருக்கிறது, அதை நான் பார்க்கவே இல்லை. நிரந்தர விலாசம் என்று நம் லயத்தைக் கொடுத்ததால் இங்கே வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். உன்னைக் கூப்பிட்ட கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த அனுமதியை சர்க்கார் ரத்து செய்துவிட்டது. அந்த அனுமதியின் பேரில்தான் உன் விசா, அதனால் அதுவும் போயிற்று. தாளில் போட்ட தேதியிலிருந்து அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு கம்பெனி உன்னை எடுத்து புது மனுப் போட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டு வந்துவிட வேண்டும். தவறினால் நீ சட்டத்துக்கு மீறி இருப்பவன், பிடித்து அனுப்புவார்கள், பிறகு பல வருஷத்துக்கு எந்த நாடும் கதவு திறக்காது என்றாள் டின்சி. தேதி ஜூன் இரண்டு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதியோடு முடிகிறது. அதில் நாலு வாரத்தை உன் அப்பன் நான் சாமி படத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டே தீர்த்துவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது மாரி. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கம்.

கம்பெனிதான் உன் ஸ்பான்சர், அப்படியென்றால் என்ன என்று டின்சி விளக்க வாயெடுத்தாள், வேண்டாம் என்றேன். எனக்கா தெரியாது? எஸ்டேட் ஆள் பதிவு செக்ரோலில் பேர் இருக்கிறவரை வீடு, பேர் வெட்டினால் வீட்டைக் காலி செய். என் அப்பா காலத்திலிருந்து இதைத்தானே பார்க்கிறோம். எனக்கே வயசு முடிந்து வருகிற மார்ச்சில் பேர் வெட்டுவார்கள். நீ ஐடிஐயில் வெல்டிங் படித்து அவ்வளவு தூரம் போனது இந்த வழக்கத்திலிருந்து தப்பத்தான் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அதே செக்ரோல்தான், பெயர்தான் வேறு.

இன்னொன்றும் டின்சி சொன்னாள். இதே மாதிரி ஒரு தாள் அதே நாளில் கம்பெனிக்கும் போயிருக்குமாம். அதை உனக்குக் காட்டினார்களா? காட்டியிருந்தால் நீ எங்களிடம் சொல்லாமல் இருக்கமாட்டாய். என் போன் உடைந்துவிட்டது, ஜோஜோ போனில்தான் கூப்பிடுவேன் என்று நீ சொன்னதும் இந்தத் தாள் இங்கே வந்த அதே வாரம்தான். அன்றிலிருந்து ஐந்து ஞாயிறாக நீ எங்களிடம் மலையாளத்தில் பேசுகிறாய். பிறந்ததிலிருந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை மலையாளம் பேசாதவன், எல்லாம் சுகமாணு, பணி உண்டு, பின்னே விளிக்காம் என்று கடைக்காரனிடம் பேசுவதுபோல் பேசி வைத்துவிடுகிறாய். வெளிநாட்டுப் பவுசு என்று நான் நினைத்துச் சிரித்தேன். உன் அம்மாதான் முதல் வாரமே சொன்னாள், யாரோ பக்கத்துல நிக்கிறாக, அவுகளுக்கு வெளங்கணும்னு பேசுறான் எம்புள்ள என்று. நான் அவளை வாயை மூடச் சொன்னேன்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் உன் குரலுக்குப் பின்னால் போதும் என்கிற மாதிரி மலையாளத்தில் மதி, மதி என்று ஒருவன் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். அதனால்தான் மழையைப் பற்றிப் பேசினேன். நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், ஞாயிறும் வேலை உண்டு என்றாய். நினைவிருக்கிறதா? அந்த வார்த்தையை நன்றாக நினைவில் வைத்துக்கொள், காரணம் கீழே எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஜின்சன் வீட்டிலிருந்து டின்சி உன் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் போன் போட்டாள். சனிக்கிழமை வருகிறேன், மிஸ்டர் வீரபாண்டியைப் பார்க்க முடியுமா என்று மட்டும்தான் கேட்டாள், தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கே ஒரு பெண்பிள்ளை ஏதோ பார்த்துவிட்டு, வீரபாண்டியா, அவர் ஜூன் கடைசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டாரே, எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னாளாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் வராது, டின்சி போனை வைத்துவிட்டு இரண்டு தடவை தமிழில் சொன்னாள்.

மாரி, நீ எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? விசா புதுப்பிக்க என்றோ, ரூம் மாற்ற என்றோ சொல்லி வாங்கினார்களா? பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, ஜோஜோ பெட்டியில் இருக்கிறதா? முந்தாநாள் வேலைக்குக் கிளம்புகிறேன் என்று என்னோடு பேசியவன் போன மாதமே போய்விட்டான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உயிரோடு நின்று வெல்டிங் அடிக்கிறவனைக் காகிதத்தில் காணாமல் போகச் செய்துவிட்டார்கள். நாளைக்கு உனக்கு ஒரு காயம் பட்டாலும், அதற்கு மேல் ஏதாவது ஆனாலும், அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்று சொல்ல அவர்களிடம் தாள் இருக்கிறது. இதை நினைத்து நேற்றிலிருந்து உன் அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், நானும் அப்படித்தான், ஆனால் வெளியே காட்டவில்லை.

ஆகையால் நான் சொல்கிறபடி செய். டின்சி வந்த அன்றைக்கே அவளோடு கிளம்பிவிடு. துணி, பாத்திரம், முடிக்காத வேலை எதையும் பார்க்காதே. பாஸ்போர்ட் கிடைத்தால் எடுத்துக்கொள், கிடைக்காவிட்டால் சண்டை போடாமல் வா, பிறகு வாங்க வழி இருக்கிறது என்கிறாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெளிநாட்டு ஆட்களுக்கு இனாமாக உதவும் வக்கீல்கள் இருக்கிறார்களாம், ஞாயிறு கூட அவர்களைப் பிடித்துவிடலாம் என்றாள். வெல்டர்களுக்கு ஆள் தேடும் கம்பெனிகளும் உண்டாம். இங்கே ஜின்சன், வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் கவனிக்கும் கேரள சர்க்காரின் நோர்க்கா ஆபீசுக்கு எழுதியாயிற்று. சனிக்கிழமை உனக்குப் பதிமூன்று நாள் மிச்சம் இருக்கும். வேலை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் நல்லபடியாக ஊர் வந்து சேர், யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாளையும் டின்சியிடம் கொடுத்திருக்கிறேன். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், மஞ்சள் போகவில்லை. அதிகாரி யாராவது இது என்ன கறை என்று கேட்டால், என் அப்பன் ஒரு முட்டாள் என்று சொல்லிவிடு.

அம்மா உனக்குத் திருநீறு மடித்து இதோடு வைத்திருக்கிறாள், நெற்றியில் இட்டுக்கொள். மாரியம்மன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும், உன் கால் நல்லபடியாக அந்த வாசலைத் தாண்டட்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். மறக்காதே, இனி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஆபீசில் போய் வீரபாண்டி என்று கேட்டால் இல்லை என்பார்கள். அதனால் டின்சி ஆபீசுக்கு வரமாட்டாள். காலையில் இதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, அதே சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று, மாரீ என்று சத்தமாகக் கூப்பிடுவாள். நீ உள்ளே எங்கே இருந்தாலும், யார் தடுத்தாலும், இருக்கேன் என்று குரல் கொடு.

இப்படிக்கு
உன் அப்பா,
மு. வீரபாண்டி