அலகு எட்டாத கொண்டை

ஜூன் 14, வெள்ளிக்கிழமை

அன்பு மகனுக்கு,

இக்கடிதம் உன் கைக்கு வரும் வேளையில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால் வலியைத் தவிர, என்னைப் பற்றிச் சொல்லத்தக்க குறை ஏதும் இல்லை.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குமுன், "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை மடித்து வைத்தாலும் எழுதியது எழுதியபடியே இருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். சென்ற வாரம் அனுப்பிய குரல் பதிவில், நீ போய் "ஒன்றரை வருஷம் இருக்கும்" என்றாய். நீ புறப்பட்டது சென்ற ஆண்டுக்கும் முந்தைய ஆண்டில், மார்ச் 9, புதன்கிழமை. இரண்டேகால் ஆண்டுகள் நிறைந்துவிட்டன. நாட்காட்டி அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவனிடம் தேதியில் விளையாடாதே. ஓராண்டு ஒப்பந்தம் என்று சொல்லித்தான் போனாய் என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இனி உன் துரையைப் பற்றி. வெள்ளை உடம்பும் மஞ்சள் கொண்டையும் பார்த்துக் கொண்டைக்கிளிக்கு அப்படிப் பெயர் வைத்தவன் நீ. பெயருக்கேற்ற தோரணை இப்போது அவனிடம் இல்லை. பிப்ரவரி 20 அன்று காலை கூண்டின் அடித்தட்டில் ஒரு கைப்பிடி இறகு கிடந்தது. இறகு உதிரும் பருவம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் கிடந்தது. அவன் தானே பிடுங்கிக்கொள்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் நிலையையும் நீ அறிய வேண்டும். உன் மனைவி காலையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்திற்குப் புறப்பட்டால், விளக்கு வைத்த பிறகே திரும்புகிறாள். அவள் போன சற்று நேரத்தில் நானும் அச்சகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். பூட்டிய வீட்டில் பகல் முழுவதும் அவன் மட்டும். அவன் போடும் கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டம்மாள், "பெரியவரே, உள்ள யாரையாச்சும் கட்டிப் போட்டுட்டுப் போறீங்களா?" என்று படிக்கட்டிலேயே வழிமறித்தார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு நான் ஒரு வழி கண்டேன். நீ துரைக்கென்று முன்பு அனுப்பிய பதிவு ஒன்று என்னிடம் இருந்தது. "துரை, சாப்பிட்டியாடா? இதோ வந்துட்டேன்" என்பாயே, அதுதான். என் பழைய கைப்பேசியில் அதையே விட்டுவிட்டு ஒலிக்கச் செய்து, கூண்டுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். மார்ச் 4, திங்கட்கிழமை தொடங்கினேன். பழகிய குரல், பிள்ளை சமாதானம் அடைவான் என்று கணக்கிட்டேன். சில நாள் கூச்சல் குறைந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மருமகளிடம் இதைச் சொல்லவில்லை; அவள் திரும்புமுன் அணைத்துவிடுவேன்.

மார்ச் 27 அன்று அவள் காய்ச்சலோடு நண்பகலிலேயே வீடு திரும்பினாள். கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளேயிருந்து உன் குரல் கேட்டிருக்கிறது. "இதோ வந்துட்டேன்."

செருப்பு ஒன்று படிக்கட்டிலும் மற்றொன்று வாசலிலும் கிடந்ததை மாலையில் நான் வந்தபோது பார்த்தேன். கைப்பை கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. அவள் கூண்டருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே துரை கம்பிகளின் ஊடே தலையை நீட்டி, கைப்பேசிக்குப் பின்னால் நீ நிற்கிறாயா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்பில் ஓர் இறகுகூட இல்லை. தோல் தெரிந்தது. "அதை அணைச்சிடுங்க மாமா" என்றாள், அவ்வளவே. வேறொரு மருமகளாயிருந்தால் என்னை இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். இவள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று முதல் உன்னிடமிருந்து செய்தி வந்ததா என்று அவள் என்னைக் கேட்பதில்லை.

ஏப்ரல் 6 அன்று பறவை மருத்துவரிடம் கொண்டுபோனோம். சின்ன வயதுப் பெண். ஒளிவு மறைவில்லாமல் பேசினார். "இதைக் கிளின்னு நினைக்காதீங்க சார், மூணு வயசுக் குழந்தைன்னு நினைங்க. குழந்தைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க" என்றார். மருந்து கொடுத்தார், மருந்தால் தீராது என்பதையும் அவரே சொன்னார். ஆள் இருக்கும் வீட்டில்தான் இது பிழைக்கும் என்றார்.

அப்படி ஒரு வீட்டை மருமகளே தேடிப் பிடித்துவிட்டாள். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர். அவரிடம் இதே இனத்தில் இரண்டு இருக்கின்றன; பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். ஜூன் 30, ஞாயிறன்று வந்து அழைத்துப் போகிறார். துரை உன்னுடையவன், உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா என்ன சொல்வார்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? இதோ வந்துட்டேன்னு சொல்வார்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். பாத்திரம் துலக்கியபடி, சாதாரணமாகச் சொன்னாள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அவளுடைய தாயார் ஊரில் உள்ள பரிசோதனைக் கூடக் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. ஜூலை 1, திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். துணிகளைக் கட்டி வைத்திருக்கிறாள். உன் சட்டைகளைத் தனியே மடித்து, பூச்சி உருண்டை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். அதை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "நீங்களும் எங்கூட வந்துடுங்க மாமா, தனியா விட்டுட்டுப் போக மனசு வரல" என்றாள். பெற்ற மகன் சொல்லாத வார்த்தை அது. இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் பிழை செய்கிறாள் என்று எழுத என் கை வரவில்லை. பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதே எனக்குத் தொழில்.

துரையைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. கழுத்துக்குக் கீழே உரித்த கோழி போல இருக்கிறான். தலையும் கொண்டையும் மட்டும் பழையபடி. தன் அலகு அங்கே எட்டாது என்பதால் தப்பின. படிக்கட்டில் எவர் காலடி கேட்டாலும் அந்தக் கொண்டை இன்றும் விரிந்து எழுகிறது. எதிர்வீட்டம்மாள் ஏறினாலும் எழுகிறது. பிறகு மெல்லப் படிகிறது.

ஜூன் 30 வரை வீடு திறந்திருக்கும். இக்கடிதத்துக்குப் பதிலாகக் குரல் பதிவு எதையும் அனுப்பாதே. இந்த வீட்டில் இனி ஆளில்லாமல் உன் குரல் மட்டும் கேட்கக் கூடாது. வருவதானால் காலடியோடு வா. வர இயலாதென்றால் அதையாவது உன் கையால் எழுது. அவள் படித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பட்டும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா