சுவருக்கு விட்ட இடம்

வசந்தா, என் கண்ணே,

நீ போய் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. ஆய்வகத்தில் உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. நான்தான் என் பையை வைத்துக்கொள்கிறேன். சும்மா நலம் விசாரிக்க வந்தவள் மாதிரி ஆரம்பிக்கிறேன் பார். இல்லையடி, என் வெட்கக்கேட்டைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ரசாயன லேசருக்கு நீ வரைந்த நாசில் ஞாபகம் இருக்கிறதா? வாயு பாய்ந்து வெளியேறும் அந்தச் சின்னஞ்சிறு குழல்களின் வாய், என் கணக்கைவிட ஒரு மயிரிழை அகலமாக இருந்தது. உன் கை தவறிவிட்டது என்று நினைத்து, வாயைக் குறுக்கிப் புதிதாகச் செய்யச் சொன்னேன். சோதனையில் லேசர் ஒளி குறைந்துபோயிற்று.

கூட்டத்தில் இயக்குநர் காரணம் கேட்டார். மூல வரைபடத்திலேயே கோளாறு, அது வசந்தா போட்டது என்றேன். நீ எழுந்து வந்து மறுக்கவா போகிறாய் என்ற தைரியம்தான்.

மறுநாள் மனசு கேட்காமல் உன் பழைய நாசிலையே பொருத்தி ஓட்டினேன். ஒளி ஏறிவிட்டது! சுவரை உரசிப் போகிற வாயு வேகம் குறைந்து, மெல்லிய அடுக்காக வழியை அடைத்துக்கொள்ளும். குழல் சிறுக்கச் சிறுக்க நஷ்டம் கூடும். அதற்கு இடம் விட்டுத்தான் நீ வரைந்திருக்கிறாய். நான் உராய்வே இல்லாத சுவரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். பாயசம் கொண்டுவரும்போதெல்லாம் சொல்வாயே, "டப்பால ஒட்டுறதுக்கும் சேர்த்துத்தான்டி ஊத்தணும்" என்று. பாயசத்தைக் குடித்தேனே தவிர, சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

நேற்று நகரத்தின் மறுகோடியில் இருக்கிற துவாரகாவிலிருந்து உன் மகள் ப்ரியா போன் செய்தாள், வழக்கம்போல நடுவே இந்தி கலந்து.

"சித்தி, மீட்டிங்ல அம்மா பேர் வந்துச்சாமே? அச்சா, என்ன சொன்னாங்க?"

குரலில் அவ்வளவு பெருமை. "நல்லாத்தான் சொன்னாங்க கண்ணு" என்றேன். எப்படியடி என் நாக்கு கூசவில்லை? போனை வைத்த பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடி கூட்டம். அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, வசந்தா வரைந்தது சரி, பிழை என்னுடையது என்று சொல்வேன். அதற்கு முன்னால், இன்றைக்கே மெட்ரோ பிடித்து துவாரகா போகிறேன். அன்று உன் பேரை இழுத்தது யார் என்று ப்ரியாவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுவேன். கேட்ட பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாளோ, தெரியவில்லை.

இந்த நிமிடம்வரை உன் மகளுக்குச் சித்தியான,
மாலதி