நட்சத்திரம் ஆடாத இரண்டு இரவுகள்

2009 ஏப். 20, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை, அப்பா வீட்டில். மெயில் பார்க்கப் புளத்கொகுபிட்டிய போனேன். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். இறக்கியது தமிழ்ப் பெயருள்ள என்னை மட்டும்.

என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேரின் மெயில். வெளிநாட்டுத் தொலைநோக்கியில் மார்ச்சில் கிடைத்த இரண்டு இரவிலும் என் நட்சத்திரத்தின் வேகம் ஒன்றே. ஆடவில்லை. கிரகம் இழுத்தால் ஒரு முறை நம் பக்கம் வரவேண்டும், ஒரு முறை விலகவேண்டும். அந்த இரண்டு உச்சத்துக்கும் நேரம் கணித்துக் கொடுத்தது நான். கிரகம் இல்லை என்று, கிரகம் இருக்கக்கூடியவற்றின் பட்டியலிலிருந்து எடுக்கிறார்களாம். மூன்று வருட வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஏப். 21
தூக்கமில்லை. கிரகம் குறுக்கே போகவில்லை என்றால் ஒளி மங்கியது எதனால்? 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அந்த மங்கலை ஒரு தடவை பதிந்தேன், பின் ஒரு தடவை. நடுவே ஏழு சுற்று, சுற்றுக்கு மூன்றரை நாள். பிறகு மழை, கருவி பழுது.

ஏப். 22
அப்பா சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அரைமணி முந்தி ஓடுகிறது.

"இன்னும் மாத்தலையாப்பா?"

"எதுக்கு? காலைப் பெரட்டுக்குப் பிந்திட்டா அன்னைக்கு வேலைக்குப் பேரு போடமாட்டாங்க. முந்தியே ஓடட்டும்."

2006 புத்தாண்டோடு அரசாங்கம் நேரத்தை அரைமணி பின்தள்ளியது. அப்பா தள்ளவில்லை. லீவு முடிந்து கம்பஸுக்குப் போனபோது இதைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தில் நேரம் வைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொலைநோக்கிக் கம்ப்யூட்டரை 'திருத்தினேன்'. அதைப் புதிய நேரம் என்று எடுத்து அது உலக நேரத்துக்கு மாற்றிப் பதிந்ததில் இரண்டாவது மங்கல் அரைமணி பிந்திவிட்டது. பிறகு தெரிந்து கைக்கடிகாரத்தை மாற்றினேன். பதிவை மாற்றத் தோன்றவில்லை.

30 நிமி. ÷ 7. சுற்றுக்கு நாலு நிமி. சொச்சம் பிழை. இந்த மார்ச் வரை முந்நூறு சுற்றில் இருபத்தொரு மணிநேரம், கால் சுற்று. உச்சங்களைத் தவறவிட்டு நடுவில் அளக்கச் சொல்லியிருக்கிறேன். கிரகம் இருந்தாலும் தெரிந்திருக்காது. மடச்சி.

ஏப். 23
சொல்லாமல் விடலாம். 'இல்லை' என்ற முடிவுக்கும் பட்டம் கிடைக்கும். கடையில் போன் எடுக்கப் போனால் கடைக்காரர் சிங்களத்தில், "நங்கி, லைன் நெஹெ." லைன் வரும்வரை நின்றேன். சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திரும்ப ரெண்டு இரவு கேக்கலாமா சேர்?"

"நமக்கு இனி தரமாட்டாங்க. சரியான நேரத்த அந்தத் தொலைநோக்கிக்காரங்களுக்கே அனுப்பிடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

ஏப். 24
அனுப்பினேன். ஒரு வரிப் பதில்: நன்றி, இனி நாங்களே அளக்கிறோம். என் பெயர் எங்கும் இல்லை.

அப்பா பால்வெட்டு முடிந்து வந்து கேட்டார்.

"எதனாலம்மா பிசகுச்சு?"

கம்ப்யூட்டர் பழுது என்றேன்.