அத்தையின் மடக்குக் கத்திகள்

செவ்வாய், இரவு.

இறந்துபோன அத்தை எனக்கென்று விட்டுப்போன மடக்குக் கத்திகளில் ஒன்றை, அண்ணன் இன்று உப்புத்தாளால் தேய்த்துவிட்டான். அலகின் அடியில் இருந்த முத்திரை அழிந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எந்த ஊர்க் கத்தி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"இன்னாத்துக்குண்ணா தேய்ச்ச?"

"துருவோட இருந்தா எவன் வாங்குவான்? பொட்டப் புள்ளைக்குக் கத்தி இன்னாத்துக்குடி? நாளைக்கு மீதியும் தேய்ச்சு, கவரைப்பேட்டைல வித்துட்டு வரேன்."

எல்லாரும் தூங்கிய பிறகு ஒவ்வொன்றையும் துடைத்து, மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, கவரில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். அங்கே ஈரம் அண்டாது. அண்ணன் அடிப்பான் என்று பயமாகத்தான் இருக்கிறது.

காலையில் அரிசி அளக்கும்போது அம்மா கையில் தட்டுப்படும். தட்டுப்படட்டும். அவள் முன்னாலேயே அண்ணனிடம் சொல்வேன்: "என்னுது. தரமாட்டேன்."