உறையின் மேல் எழுதிய முகவரி

சான் பிரான்சிஸ்கோ
11 ஜனவரி 1976

அன்புள்ள ரமோனாவுக்கு,

நீங்கள் அனுப்பிய மிளகாய்ப் பொட்டலம் மழையில் நனையாமல் வந்து சேர்ந்தது. என் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. உங்கள் அக்கா மகன் பெலிபே விடுதலையாகி வேலைக்குப் போகிறான் என்று படித்ததும் அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது. அவனிடம் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை கார்வெல் வீட்டுக் கார் என்னைத் தேடி வந்தது. எங்கள் தெருவில் அது திரும்ப முடியாமல் நின்றதைப் பார்க்க மூன்று வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். லூசிண்டாவின் வழக்கில் என்னைச் சாட்சி சொல்லக் கேட்கிறார்கள்.

அரிசோனாவுக்குச் செய்தி எவ்வளவு வந்ததோ தெரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன், வகுப்பில் எனக்கு அதுதான் பழக்கம். லூசிண்டாவை உங்களுக்கு நினைவிருக்கும். பழம் அடைத்த டப்பாக்களில் பேர் போட்டிருக்குமே, அந்தக் கார்வெலின் மகள். நம் பள்ளியில் ஏழு வருஷம் படித்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, 73 அக்டோபரில், அறையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'மக்கள் கரம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஏழு பேர். ஒருவன் பல் டாக்டர் மகன், ஒருத்தி பாதிரியார் மகள். எல்லாரும் நம் பள்ளியில் படித்திருக்கக்கூடிய பிள்ளைகள்தான்.

அவர்கள் பணம் கேட்கவில்லை. கார்வெல் தோட்டங்களில் பழம் பறிக்கிறவர்களின் பெயர்களை, தினமும் மாலை ஆறு மணிக்கு, முதலாளியே வானொலியில் படிக்க வேண்டும் என்றார்கள். பெயர், எந்தத் தோட்டம், எத்தனை வருஷமாக. அவ்வளவுதான். ரமோனா, அந்த நாட்களை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஆறு மணிக்கு ஊரே பேச்சை நிறுத்தும். கசாப்புக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அந்தப் பெரிய மனிதர் ஸ்பானிஷ் பெயர்களையும் பிலிப்பினோப் பெயர்களையும் திக்கித் திக்கிப் படிப்பார். மூன்றாம் நாள் வரை அது தண்டனை மாதிரி இருந்தது. அப்புறம் குரல் மாறியது. சில பெயர்களைத் தவறாகச் சொல்லிவிட்டுத் திரும்பச் சரியாகச் சொன்னார். தன்னிடம் முப்பது வருஷம் உழைத்தவர்களை அவர் அப்போதுதான் முதல்முறையாகச் சந்தித்தார்.

பத்தொன்பதாம் நாள் லூசிண்டாவின் குரல் பதிவான நாடா வந்தது. "அப்பா, படிக்கிறதை நிறுத்திடாதீங்க. ஆனா எனக்காகப் படிக்க வேணாம். நான் திரும்பி வரப் போறதில்ல." அவர் மறுநாள் படிக்கவில்லை.

74 பிப்ரவரியில் கார்வெல் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துத்தான் கொளுத்தினார்களாம். இரவுக் காவலாளி ஆர்தர் பெல்லோஸ் இருந்தார். இரண்டு கைகளும் வெந்துபோயின. கொளுத்தியவர்களில் லூசிண்டாவும் ஒருத்தி. மிரட்டப்பட்டுச் செய்தாளா, மனம் ஒப்பிச் செய்தாளா என்பதுதான் இப்போது வழக்கு. முதலாவது என்றால் வீட்டுக்குப் போவாள். இரண்டாவது என்றால் சிறை.

அவள் பிடிபட்ட விதத்தைக் கேளுங்கள். இன்னும் இரண்டு பேரோடு ஐடஹோவில் ஒரு பண்ணையில் ஒன்பது நாள் தங்கியிருக்கிறாள். பண்ணைக்காரி மிஸஸ் டோபினுக்கு இவர்கள் யாரென்று தெரியாது, லூசிண்டா தன் பெயரை ஜேன் என்று சொல்லியிருந்தாள். அங்கிருந்து போன பிறகு லூசிண்டா அந்த அம்மாவுக்கு நன்றிக் கார்டு அனுப்பினாள். அனுப்பினவள், உறையின் மூலையில் தான் ஒளிந்திருந்த வீட்டின் முகவரியையும் எழுதினாள். அந்தப் பக்கம் விசாரிக்க வந்த போலீஸ்காரர் சமையலறை அலமாரியில் உறையைப் பார்த்தார். பதினைந்து மாதம் நாடெல்லாம் தேடியவர்களுக்கு அவளே வழி சொல்லிவிட்டாள்.

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். வெள்ளிக்கிழமை நான்காவது பீரியட். விருந்துக்குப் போனால் மறுநாளே கார்டு. கொடுத்த பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடு, உன்னைப் பற்றிப் பேசாதே, உறையில் உன் முகவரி இல்லாவிட்டால் அது மொட்டைக் கடிதம். இருபத்தாறு வருஷம் இதையே சொன்னேன்.

கார்வெல் வீட்டில் என்னை உட்கார வைத்த அறையில் நம் பள்ளியின் உணவுக்கூடத்தை அப்படியே வைத்துவிடலாம். வக்கீல் மிஸ்டர் லாத்ரப் ரொம்பப் பணிவு. "டீச்சர், அரசாங்கத் தரப்பு என்ன சொல்லுதுன்னா, கடத்தப்பட்டவ யாராவது நன்றி சொல்லுவாளா, கொண்டாட்டமா இருந்திருக்கா அப்படிங்கிறாங்க. அது பழக்கம், தூக்கத்துலகூட எழுதுவா அப்படின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." லூசிண்டாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரி என்றேன். அது உண்மைதானே. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எடித் பார்மலி


சான் பிரான்சிஸ்கோ
9 ஏப்ரல் 1976

அன்புள்ள ரமோனாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதம் பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியது ஐந்தாம் தேதி. அன்று உங்கள் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது.

நீங்கள் எழுதியதை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். "டீச்சர், பணக்கார வீட்டுப் பொண்ணு கொளுத்தினா அதுக்குப் பேரு மூளைச்சலவை. எங்க பெலிபே திருட்டுக் கார்ல பின்சீட்டுல தூங்கிட்டு வந்ததுக்கு நாலு வருஷம். அவன் நல்ல பழக்கம் உள்ள பையன்னு சொல்ல எந்த டீச்சருக்கும் யாரும் கார் அனுப்பல." இதை எதிர்பார்த்தேன். இதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அடுத்த பத்தியைத்தான் எதிர்பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணுங்களுக்குப் பதினேழு வருஷம் சூப்பு ஊத்தினேன். வெள்ளிக்கிழமை ஆனா கையெல்லாம் மையா வருவாங்க. எனக்கு ஒரு கார்டு வந்ததில்ல. கோவிச்சுக்கிட்டுச் சொல்றேன்னு நினைக்காதீங்க, வந்திருந்தாலும் மாவு டப்பாவுலதான் போட்டு வெச்சிருப்பேன். சும்மா கேக்கறேன், நீங்க போர்டுல எழுதிப் போடுற லிஸ்ட்டுல என் பேரு இருந்துச்சா?"

இல்லை, ரமோனா. யாருக்கெல்லாம் கார்டு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதினேன். அத்தை, மாமா, ஞானத்தந்தை, பிஷப், அப்பாவின் நண்பர்கள், படகில் கூட்டிப்போனவர்கள். சமைத்தவர், கார் ஓட்டினவர், துணி துவைத்தவர் யாரும் அதில் இல்லை. விட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தோன்றவே இல்லை. நான் ஓய்வு பெற்ற வருஷம் பஸ்ஸில் பேச ஆரம்பித்து நாம் இத்தனை நெருக்கமானோம். அப்போதும் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் லாத்ரப் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆமாம், பழக்கம். ஆமாம், தூக்கத்திலும் எழுதுவாள். ஜூரிகளில் இரண்டு பெண்கள் புன்னகைத்தார்கள். லூசிண்டா மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம், கடை ஜன்னலில் வைத்த பொம்மை மாதிரி. முதல் வரிசையில் பெல்லோஸ் இருந்தார். கைகளை மடியில் ஒரு துண்டால் மூடி வைத்திருந்தார்.

பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தார். ஜலதோஷம் பிடித்த இளைஞர். உறையையும் கார்டையும் என்னிடம் கொடுத்து, "படிச்சுப் பாருங்கம்மா. இதுவும் நீங்க சொல்லிக்கொடுத்ததுதானா?" என்றார். அதுவரை கார்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. லாத்ரப் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஆசிரியை செய்யக்கூடாத தவறு. பாடத்தைப் படிக்காமல் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதில் எழுதியிருந்தது இது:

"மிஸஸ் டோபினுக்கு, பீன்ஸ் பானையை நான் தேய்த்தும் அடிக்கரி போகவில்லை, மன்னியுங்கள். ஒன்பது நாளும் எங்களுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டினீர்கள். நான் பிறந்ததிலிருந்து எனக்கு முன்னால் எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரையாவது சரியாகக் கேட்டுக்கொண்டேன். ஜேன்."

நான் அதை இரண்டு முறை படித்தேன். நீதிபதி தண்ணீர் வேண்டுமா என்றார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பியானோ டீச்சர் இருபது வருஷம் ஒரே பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் தெருவில் நடக்கும்போது ஒரு ஜன்னலிலிருந்து இசை கேட்கிறது. விரல் வைக்கும் முறை அவள் கொடுத்தது. பாட்டு அவள் கொடுத்ததல்ல, அவளுக்கு வாசிக்கவும் தெரியாது. அந்த மாதிரி நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாக இருந்தது, பொறாமையாகக்கூட இருந்தது. கிடங்கை எரித்த பிள்ளைகள் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்களா, அந்தப் பானை கற்றுக்கொடுத்ததா, வானொலியில் அப்பா திக்கித் திக்கிப் படித்தது அவளுக்கும் கேட்டதா, எனக்குத் தெரியாது. நான் கற்றுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். தூக்கத்தில் எழுதியதல்ல என்பதும் தெரியும். அவ்வளவு விழித்திருந்து நான் எதையும் எழுதியதில்லை.

"உறை நான் சொல்லிக்கொடுத்தது. உள்ளே இருக்கிறது அவளோடது" என்றேன்.

"அப்படின்னா?" என்றார் அவர். கரும்பலகைப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அதில் யார் இல்லை என்றும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, 'எங்கள் சமையல்காரர்' என்றேன். லாத்ரப் இரண்டு முறை எழுந்து ஆட்சேபித்தார். லூசிண்டாவின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். பெல்லோஸ் அசையவில்லை.

லூசிண்டா தலையை நிமிர்த்தினாள். நேராக என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், பன்னிரண்டு வயதில் அவள் கோபத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். இது வேறு. 'அப்ப நீங்க படிச்சீங்களா' என்று கேட்பது போல இருந்தது. அதற்குப் பிறகு தீர்ப்பு வரை அவள் மேஜையைப் பார்க்கவில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

ஆறு வருஷம். உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். கவர்னருக்கு மனு போயாகிவிட்டது, இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடுவாள் என்று பேசிக்கொள்கிறார்கள். பெலிபேக்கு யாரும் மனு எழுதவில்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். கார்வெல் வீட்டிலிருந்து எனக்கு ஒரு வரி வந்தது, இனி தொடர்புகொள்ள வேண்டாம் என்று. கசாப்புக் கடைக்காரர் இறைச்சியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன டீச்சர், வானம் இடிஞ்சா விழும்?" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் எழுதியதால்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வி உங்களுடையது. பதிலுக்குப் பொறுப்பு நான்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அவளை வைத்திருக்கும் சிறை எல்லைக்கு இந்தப் பக்கம், உங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல்தான். அங்கே இருக்கும் பாதிரியார், நம் பள்ளி மூலமாக எனக்கு எழுதியிருக்கிறார். பார்க்க வரக்கூடியவர்கள் என்று கைதிகள் பெயர் கொடுக்க வேண்டுமாம். லூசிண்டா அம்மா, அப்பா, தம்பி என்று எழுதிவிட்டு, நான்காவதாக 'பள்ளிச் சமையலறையில் இருந்த ரமோனா' என்று எழுதியிருக்கிறாள். குடும்பப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. அது இல்லாமல் விதிப்படி சேர்க்க முடியாதாம், எனக்குத் தெரியுமா என்று கேட்டு, அந்தத் தாளின் நகலையும் அனுப்பியிருந்தார். அராண்டா என்று எழுதி அனுப்பிவிட்டேன். உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

என் பெயர் அந்தத் தாளில் இல்லை. இருக்குமா என்று மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தேன், ஒளித்துச் சொல்வானேன்.

பெலிபேயைப் பார்க்க நாலு வருஷம் பஸ் மாறி மாறிப் போனவர் நீங்கள். இன்னொரு சிறைவாசலில் போய் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. மாட்டேன் என்றால் காரணம்கூட எழுத வேண்டாம். ஆனால் முடியுமானால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், போய் வாருங்கள். அவள் உங்களிடம் என்ன சொல்ல நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் கொஞ்ச நேரம் கூட இருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் உங்களைப் பார்த்தால் அவளுக்குப் பசிக்கும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம். திரும்பி வந்து, அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்களையும் பெலிபேயையும் கடவுள் காக்கட்டும். அவளையும்.

என்றும் உங்கள்,
எடித் பார்மலி